வேலையில் மேலே வர ஆசைப்படலாமா? வேலைக்குப் போகும் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டிலும், சூளகிரி, போச்சம்பள்ளிப் பக்கம் வந்திருக்கும் புதிய ஆலைகளிலும், கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறவர்கள், ஆராதனை முடிந்து சபை வாசலில் நிற்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. அப்ரைசல் மாதங்களில் கூட்டம் கொஞ்சம் அதிகமாகவே நிற்கும். நான் போதகர் அல்ல. ஆலையில் ஆட்களோடு வேலை செய்து, அவர்களுக்கு மதிப்பீடு எழுதி, என் மதிப்பீட்டுக்காகக் காத்திருந்தும் பழகியவன். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். யாரையும் அடையாளம் தெரியும்படி எழுதவில்லை.

அண்ணா, பதவி உயர்வு வேண்டும் என்று ஆசைப்படுவதே பாவமா?

இல்லை. மாற்கு 10-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, உமது மகிமையில் ஒருவன் வலதுபக்கமும் ஒருவன் இடதுபக்கமும் உட்கார வேண்டும் என்று நேராகவே கேட்கிறார்கள். மற்ற பத்துப் பேருக்கும் எரிச்சல் வருகிறது. அவர்களுக்கும் அந்த இடங்களின் மேல் கண் இருந்ததால்தான் எரிச்சல் வந்தது என்று நான் நினைக்கிறேன். இயேசு பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு என்ன சொன்னார்? பெரியவனாக விரும்பாதே என்று சொல்லவில்லை. "உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்" என்றார். விருப்பத்தை அவர் பிடுங்கிப் போடவில்லை, போகிற வழியை மாற்றிவிட்டார். பவுலும் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்கிறார். மேற்பார்வைப் பொறுப்பை விரும்புவதை வேதம் நல்லது என்றே சொல்கிற இடம் அது. தகுதிகளின் பட்டியல் அடுத்த வசனத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

"அப்படியானால் எரேமியா 45 என்ன சொல்கிறது?" என்று வேதம் வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்று கர்த்தர் பாரூக்கிடம் சொல்கிறார். பாரூக் யார் என்று பார்க்க வேண்டும். எரேமியா சொல்லச் சொல்ல எழுதிய எழுத்தர் அவர். எரேமியா 51:59-ல் வரும் செராயா அவருடைய சகோதரர் என்று தெரிகிறது. இரண்டு பேருக்கும் தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் ஒன்றே. தம் சகோதரர் ராஜாவிடம் பிரபுவாக இருக்க, பாரூக் ஊரே வெறுத்த ஒரு தீர்க்கதரிசிக்குச் சுருள் எழுதிக்கொண்டிருந்தார். நகரமோ அழியப் போகிறது. அந்த நேரத்தில் தனக்கென்று ஒரு பெரிய இடத்தைத் தேடினால் என்ன கிடைத்துவிடும்? ஆகவே அந்த வசனத்தில் "உனக்கு" என்ற சொல்லையும் அந்தக் காலத்தையும் விட்டுவிட்டு வாசிக்கக் கூடாது.

ஆசை எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்க நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அந்தப் பதவி உங்களுக்குக் கிடைத்தால், உங்கள் கீழே வேலை பார்க்கப் போகிறவர்களுடைய நாள் எப்படி மாறும்? இதற்குப் பதில் சொல்ல முடிந்தால் விண்ணப்பம் போடுங்கள். என் நாற்காலி, என் கேபின், என் மாமனார் வீட்டில் எனக்குக் கிடைக்கும் மரியாதை என்று மட்டும்தான் மனசில் ஓடுகிறதென்றால், விண்ணப்பத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை. ஆனால் முழங்காலில் நிற்க வேண்டிய நேரம் அது.

அப்ரைசல் ஃபாரத்தில் நான் செய்ததை எல்லாம் எழுதினால் தற்பெருமை ஆகிவிடாதா? "உன் வாய் அல்ல, புறத்தியானே உன்னைப் புகழட்டும்" என்று நீதிமொழிகள் சொல்கிறதே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் நஷ்டம் வருவதும் இதில்தான். நம் பிள்ளைகள் பலர் "தேவகிருபையால் இந்த வருடம் வேலை நன்றாக நடந்தது" என்று ஒரே வரி எழுதிவிட்டு ஃபாரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மேலாளர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர் முப்பது பேருடைய ஃபாரத்தை எடுத்துக்கொண்டு தனக்கு மேலே இருப்பவர்களிடம் வாதாடப் போகிறார். உங்கள் பேர் வரும்போது சொல்ல அவர் கையில் ஒன்றும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

நீதிமொழிகள் 27:2 புகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறது. அப்ரைசல் ஃபாரம் கேட்பதோ கணக்கு. தாலந்து உவமையில் எஜமான் திரும்பி வந்தபோது, முதல் ஊழியக்காரன் "ஐந்து தாலந்தை என்னிடத்தில் ஒப்புவித்தீரே, வேறு ஐந்து சம்பாதித்தேன்" என்று எண்ணிக்கையோடு சொல்கிறான். அவனைப் பெருமைக்காரன் என்று எஜமான் சொல்லவில்லையே! பவுல் இன்னும் ஒரு படி போகிறார். 1 கொரிந்தியர் 15:10-ல், "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்கிறார். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் நாம் எழுதுகிறோம். பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் எழுதினார். 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலா தெரேசா, தாழ்மை என்பது உண்மையின் வழியில் நடப்பதுதான் என்று சொன்னதைக் கத்தோலிக்க நண்பர்கள் அறிந்திருப்பார்கள். செய்ததைச் செய்யவில்லை என்பது போல எழுதினால் அது உண்மை ஆகாது.

எப்படி எழுதுவது? மூன்று விஷயங்கள் போதும் என்பேன்: என்ன பிரச்சினை இருந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், யார் கூட இருந்தார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். "எங்கள் லைனில் ரிஜெக்‌ஷன் நூற்றுக்கு நாலு இருந்தது. ஃபிக்சர் தேய்ந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். டூல் ரூமில் இருந்த இன்னார் இரண்டு நாள் கூடவே நின்று சரி செய்தார். இப்போது நூற்றுக்கு ஒன்றரை." இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? டூல் ரூம்காரர் பெயர் அந்த ஃபாரத்தில் இருப்பதுதான் கிறிஸ்தவன் எழுதியதற்கு அடையாளம். அந்தப் பெயரை எழுதாமல் விட்டால் அங்கேதான் பெருமை நுழைகிறது. நாலு இருந்ததை ஆறு என்று கூட்டி எழுதாதீர்கள். முடியாமல் போன வேலை இருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். அதை எழுதியிருக்கிற ஃபாரத்தை மேலாளர்கள் நம்பி வாசிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ரோமர் 12:3-ஐயும் முழுவதும் வாசியுங்கள். எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாதே என்று சொல்லி நிறுத்திவிடாமல், தெளிந்த புத்தியுள்ளவனாய் எண்ணவேண்டும் என்று முடிக்கிறார். குறைத்து எண்ணுவதும் தெளிந்த புத்தியில் சேராது.

இன்டர்வியூவில் "உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டால்?

உண்மையான ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். "நான் ரொம்ப உழைப்பேன், அதுதான் என் பலவீனம்" என்கிற பதிலைக் கோச்சிங் சென்டரில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள்.

நான் ஒன்றும் கேட்பதில்லை, பிரதர். கர்த்தர் உயர்த்தும்போது உயர்த்தட்டும் என்று இருக்கிறேன். அதுதானே விசுவாசம்?

சங்கீதம் 75 அப்படித்தான் சொல்கிறது: தேவனே நியாயாதிபதி, ஒருவனைத் தாழ்த்தி, ஒருவனை உயர்த்துகிறார். அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு, டிபார்ட்மென்ட் தேர்வுக்குப் படிக்காமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். டிப்ளமோ முடித்தவர்களுக்குப் பகுதிநேர பி.இ. வாய்ப்பு வந்தும், "எதற்கு இதெல்லாம்" என்று விட்டவர்களையும் தெரியும். அது பயமாக இருக்கலாம், சோம்பலாக இருக்கலாம். விசுவாசத்தின் பெயரை அதற்கு வைக்கக் கூடாது.

13-ம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை நுட்பமாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். தனக்கு மிஞ்சியதன் மேல் கைவைப்பது பாவம். தனக்கு இயன்றதைச் செய்யாமல் சுருங்கிப் போவதும் பாவம். இரண்டாவதற்கு அவர் காட்டும் உதாரணம், தாலந்தை நிலத்தில் புதைத்த ஊழியக்காரன். பெரிய காரியங்களுக்கு மனம் நீட்டுவதும் தாழ்மையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பது அவர் முடிவு. தேவன் கொடுத்த வரத்தைப் பார்க்கும்போது மனிதன் பெரிய காரியத்துக்குத் துணிகிறான். தன் குறையைப் பார்க்கும்போது தாழ்கிறான். இரண்டு பார்வையும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம், இருக்க வேண்டும்.

யோசேப்பைப் பாருங்கள். சிறையில் பானபாத்திரக்காரனிடம், நீ வாழ்வடையும்போது என்னை நினைத்துப் பார்வோனிடம் சொல்லு என்று கேட்டார். நெகேமியா ராஜாவிடம் விடுப்பு கேட்டார், கடிதம் கேட்டார், மரமும் கேட்டார். கேட்பதற்கு முன் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினார். ஜெபம் பண்ணினேன், பிறகு ராஜாவிடம் சொன்னேன் என்று அடுத்தடுத்து எழுதியிருக்கிறார்.

சம்பள உயர்வு கேட்கலாமா? போதுமென்கிற மனம் வேண்டும் என்கிறார்களே.

கேட்கலாம். வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று சொன்னவர் இயேசு. கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று எழுதியவர் யாக்கோபு. போதுமென்கிற மனம் நமக்குள் இருக்க வேண்டியது. அடுத்தவன் நமக்குத் தரவேண்டியதைத் தராமல் இருப்பதற்கு அது சாக்கு ஆகாது. வெளியே அந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, சென்ற வருடம் கூடுதலாக ஏற்றுக்கொண்ட பொறுப்புகளை எழுதிக்கொண்டு, தனியாக நேரம் கேட்டுப் பேசுங்கள். கையில் இல்லாத ஆஃபர் லெட்டரை இருப்பதாகச் சொல்லி மிரட்டாதீர்கள். மறுத்தால், எப்போது மறுபடி பேசலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

நல்ல இடத்துக்கு டிரான்ஸ்ஃபர் வாங்க, போஸ்டிங் வாங்கப் பணம் கொடுக்கச் சொல்கிறார்கள். எல்லாரும் கொடுக்கிறார்கள்.

வேண்டாம். அப்போஸ்தலர் 8-ல் சீமோன் பணத்தை நீட்டியபோது பேதுரு சொன்ன பதில் போதும்: "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது."

நான் சொன்ன யோசனையைச் சீனியர் தன் பெயரில் கைசன் ஸ்கீமில் (வேலையை மேம்படுத்த யோசனை தரும் திட்டத்தில்) போட்டு பரிசு வாங்கிவிட்டார். விட்டுவிடுவதா, சண்டை போடுவதா?

முதலில் அவரிடமே தனியாகப் போங்கள். மத்தேயு 18-ன் வரிசை சபைக்கு மட்டும் சொன்னது போலத் தோன்றினாலும், ஷாப் ஃப்ளோரிலும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. "அண்ணே, அது நான் சொன்னது. அடுத்த தடவை ரெண்டு பேர் பேரையும் போடுங்க" என்று சொல்லலாம். நிறையப் பேர் அதிலேயே கூனிக்குறுகி ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், இனிமேல் யோசனையை வாயால் சொல்லாமல் மெயிலிலோ படிவத்திலோ எழுதிக் கொடுங்கள். இது தந்திரம் இல்லை, ஒழுங்கு. பழையதைக் கிளறிக்கொண்டே இருந்தால் அடுத்த யோசனை உங்களுக்கு வராது.

பரிசுத்தொகையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட முடிந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் பயந்து விடுவதும் மன்னித்து விடுவதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே எது நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

எனக்குப் பிறகு சேர்ந்த பையன் லைன் லீடர் ஆகிவிட்டான். நான்தான் அவனுக்கு மிஷின் கற்றுக் கொடுத்தேன். தூக்கம் வரவில்லை.

வலிக்கும். வலிக்கவில்லை என்று சாட்சி சொல்லத் தேவையில்லை.

பர்னபாவை நினைத்துப் பாருங்கள். எருசலேமில் சவுலை (பிற்பாடு பவுல் என்று அழைக்கப்பட்டவரை) யாரும் நம்பாதபோது கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனவர் அவர். தர்சு பட்டணத்துக்குத் தேடிப்போய் அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். அப்போஸ்தலர் 13-ம் அதிகாரத் தொடக்கத்தில் "பர்னபாவும் சவுலும்" என்று வருகிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் "பவுலும் பர்னபாவும்" ஆகிவிடுகிறது. பர்னபா முணுமுணுத்ததாக ஒரு வரிகூட இல்லை. பிற்பாடு இருவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடு வந்தது, அது மாற்குவைக் கூட்டிப்போவது பற்றி. யார் பெயர் முதலில் வரவேண்டும் என்பது பற்றி அல்ல.

நடைமுறையில் இரண்டு விஷயம். திங்கட்கிழமை அந்தப் பையனிடம் நீங்களே போய் வாழ்த்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவனிடம் எப்படி நடந்துகொள்வது என்று முடிவு செய்வார்கள். அடுத்து, மேலாளரிடம் போய், "எனக்கு எங்கே குறை, அடுத்த முறைக்கு நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?" என்று கேளுங்கள். அவனை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள். கற்றுக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தம்பி. தொழிலை மறைத்து வைத்துக்கொள்கிற பெரியவர்களால் நம் ஆலைகளில் எத்தனை பையன்கள் விரலை இழந்திருக்கிறார்கள் என்று யோசித்தால் மனசு பதறும்.

எங்கள் தாத்தா பண்ணையில் கைகட்டி நின்றவர். "பணிந்து போ" என்று ஊர் சொன்னது. இப்போது சபையிலும் தாழ்மையாயிரு என்கிறீர்கள். கேட்கும்போதே எரிகிறது.

எரிய வேண்டியதுதான். உங்கள் மேல் தவறு இல்லை.

பிலிப்பியர் 2-ல் கிறிஸ்து தம்மைத் தாழ்த்தினார் என்று இருக்கிறது. அவரை யாரும் பிறப்பைச் சொல்லித் தாழ்த்தி வைக்கவில்லை. தேவனுடைய ரூபமாயிருந்தவர், தாமாக இறங்கினார். தம் ஜீவனைப் பற்றி, ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன் என்றார். சீஷரின் கால்களைக் கழுவுவதற்கு முன்பு, பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதை அறிந்தவராய் எழுந்தார் என்று யோவான் 13-ல் இருக்கிறது. தான் யார் என்று தெரிந்தவர் எடுத்த துண்டு அது. ஒருவரை நூறு வருடம் கீழே மிதித்து வைத்துவிட்டு, அவரிடம் போய் இன்னும் கீழே போ என்பது சுவிசேஷம் இல்லை. மரியாளின் பாட்டில், பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுகிறார்கள், தாழ்மையானவர்கள் உயர்த்தப்படுகிறார்கள்.

கிறிஸ்தவர்களான தலித் மக்களுக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சாதி மட்டும் மதம் மாறின பிறகும் கூடவே வருகிறது. ஆலை கேன்டீன் வரைக்கும் வருகிறது. இந்த நிலைமையில் பதவித் தேர்வுக்குப் பெயர் கொடுப்பதும், கூட்டத்தில் பின்வரிசையை விட்டு மேஜைக்கு வந்து உட்காருவதும், "சார், அது தப்பு" என்று சொல்வதும் பெருமை ஆகாது. தேவன் தம் சாயலாகப் படைத்தார் என்று நீங்கள் நம்புவதற்கு அடையாளம் அது.

தாழ்மைப் பிரசங்கத்தை முதலில் கேட்க வேண்டியவர்கள், அதே சபையில் வேறு சாதிப் பெருமையோடு உட்கார்ந்திருக்கிற நாங்கள் சிலர்.

அக்கா ஒருவர் கேட்டது: "டீம் லீடர் வேலைக்கு என்னைக் கேட்டார்கள். வீட்டில், பொம்பளைக்கு எதற்கு, இருக்கிறது போதாதா என்கிறார்கள். அடங்கிப் போவதுதான் தாழ்மையா?"

ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் இன்று லைன் முழுக்கப் பெண்கள். அவர்களுக்கு லீடராகவும் பெண்கள் வரவேண்டாமா? மாதவிலக்கு நாளில் அரைமணி உட்கார வேண்டும் என்று யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

எண்ணாகமம் 27-ல் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் வருகிறார்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மோசேக்கும், ஆசாரியனுக்கும், பிரபுக்களுக்கும், சபையார் எல்லாருக்கும் முன்பாக நின்று, எங்கள் தகப்பனுக்குக் குமாரன் இல்லாததால் அவர் பேர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்கும் காணியாட்சி கொடுங்கள் என்று கேட்டார்கள். மோசே கர்த்தரிடம் போனார். அவர்கள் சொல்வது சரி என்றார் கர்த்தர். அதோடு அதைச் சட்டமாகவும் ஆக்கினார். அந்த ஐந்து பேரையும் அடங்காதவர்கள் என்று வேதம் ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

வீட்டில் பேச வேண்டிய விஷயங்கள் உண்டு: ஷிப்ட் நேரம், பிள்ளையை யார் பள்ளியில் விடுவது, மாமியாரின் மாத்திரை. அவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கணவரும் ஒரு வேலையைக் கையில் எடுக்க வேண்டி வரும். எபேசியர் 5 அவரிடம் கேட்பது அதைவிட மிகப் பெரியது.

மேலதிகாரி தினமும் எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். பொறுத்துக்கொள்வது சிலுவை சுமப்பதா?

பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் இரகசியமாக விட்டுவிடப் பார்த்தபோது பவுல், அப்படியல்ல, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார். நடுராத்திரியில் பாட்டுப் பாடின அதே பவுல்தான் இதையும் சொன்னார்.

தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். எச்.ஆரிடம் எழுத்தில் கொடுங்கள். பெண்களிடம் பாலியல் தொல்லை என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். காத்திருந்து காலம் கடத்தாதீர்கள். சபையில் இதைப் "பொறுத்துக்கோ மா" என்று அமுக்கிவிடுகிறவர்கள், அந்த மேலதிகாரிக்கு உதவி செய்கிறார்கள்.

சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். இப்போது தாழ்மையாக இருப்பது எப்படி?

நல்ல கேள்வி, பதவி வருவதற்கு முன்பு எல்லாரும் கேட்கிறார்கள், வந்த பிறகு கேட்பவர்கள் குறைவு.

ஷிப்ட் பட்டியலில் தொடங்குங்கள். தீபாவளி, பொங்கல் நாட்களின் நைட் ஷிப்டைக் கிறிஸ்தவர்களாகிய நாம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பையன்கள் வீட்டுக்குப் போகட்டும். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் லீவு கேட்கும்போது அவர்களே முன்வந்து நிற்பார்கள். நிற்காவிட்டாலும் அடுத்த தீபாவளிக்கும் நீங்களே நில்லுங்கள்.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பிடித்தவர்களுக்கு மட்டும் போகிறதா? அதைச் சபைக்காரப் பையன்களுக்கே கொடுக்கிறீர்களா? அந்தப் பேர் வந்துவிட்டால், நீங்கள் பேசுகிற சுவிசேஷத்தை அந்த ஷாப்பில் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

கான்ட்ராக்ட் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவரை "ஏய், ஹிந்தி" என்று கூப்பிடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் லைனில் அது வேண்டாம். எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று கொலோசெயர் 4:1 சொல்கிறது. அதில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பிரிவு இல்லை.

தானியேல் 2:49-ஐ அநேகர் கவனிப்பதில்லை. தானியேலுக்குப் பெரிய பதவி கிடைத்தவுடன் ராஜாவிடம் அவர் செய்த விண்ணப்பம், சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்ற தம் தோழர்களுக்குப் பொறுப்பு கொடுக்கச் சொல்லித்தான். அவர்கள் அதற்குத் தகுதியானவர்கள் என்பதை அடுத்த அதிகாரத்து அக்கினிச்சூளை காட்டிவிட்டது. உங்கள் கீழே இருப்பவரில் யாரை நீங்கள் மேலே அனுப்பியிருக்கிறீர்கள்? வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்ல முடிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் போட்டுவிடுகிறார்கள். பதவி ஏறினால் இன்னும் கஷ்டம்.

வார விடுமுறை சுழற்சியில் வருகிற ஆலைகளில் இது தீராத தலைவலி. மாற்றிக்கொள்ள ஆள் கிடைத்தால் மாற்றுங்கள், ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள். சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: சிப்காட் பக்கத்தில் இருக்கிறவர்கள் சனிக்கிழமை மாலையிலோ ஞாயிறு விடியற்காலையிலோ ஒரு ஆராதனை வையுங்கள்.

பெங்களூரில் இரண்டு மடங்கு சம்பளம் தருகிறார்கள். அம்மா அப்பா பாலக்கோட்டில். போனால் பேராசையா?

பேராசை என்று நான் சொல்ல மாட்டேன். தருமபுரிக்காரர்கள் பிழைப்புக்காக வெளியூர் போவது புதிதில்லை. மழையும் நிலமும் கைவிட்ட வருடங்களில் குடும்பமாகவே போனார்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் அத்திப்பள்ளி தாண்டி நெரிசலில் தினமும் நாலு மணி நேரம் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். லோத்து யோர்தான் சமவெளியின் தண்ணீரை மட்டும் பார்த்து அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். நீங்கள் சம்பளத்தோடு சேர்த்து, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது, பிள்ளைகள் உங்களை எப்போது பார்ப்பார்கள், அங்கே எந்தச் சபை என்பதையும் பாருங்கள். பார்த்துவிட்டுப் போனால் நிம்மதியாகப் போங்கள்.

பதவி உயர்வைச் சபையில் சாட்சியாகச் சொல்லலாமா?

சொல்லலாம், சுருக்கமாக. சம்பளத் தொகை வேண்டாம். அதே வரிசையில் வேலை போனவர் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

சபைக் கமிட்டித் தேர்தல் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

ஆலையில் ஆறு வருடம் பொறுமையாக இருப்பவர்கள், சபைச் செயலாளர் பதவிக்கு ஆறு மாதம் சண்டை போடுகிறார்கள். 3 யோவானில், முதன்மையாயிருக்க விரும்புகிற தியோத்திரேப்பு என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. வாசித்துவிட்டு மனு போடுங்கள்.

இருபது வருடத்துக்கு மேல் ஆபரேட்டர்தான், பிரதர். ரிட்டயர்மென்ட் பக்கத்தில் வந்துவிட்டது. நான் தோற்றுப்போனேனா?

இல்லை, அண்ணா. கிருஷ்ணகிரியில் 1895-ல் லூத்தரன் மிஷன் பணியைத் தொடங்கியவர்களில் ஒருவர் தியோடர் நேதர். 1904-ல் இதே ஊரில் பிளேக் நோயில் இறந்தார். ஒன்பது வருடம், அவர் காலத்தில் சொல்லும்படியான பெரிய பலன் என்று ஒன்றும் இல்லை. பதவி என்ற அளவுகோலில் வைத்தால் அவர் எங்கேயும் ஏறவில்லை. அந்த வேலையிலிருந்து வளர்ந்த சபைகள் இன்று வேறு மாவட்டங்களிலும் மாநிலங்களிலும் இருக்கின்றன. ஏறினவர்களுடைய கணக்கையும் ஏறாதவர்களுடைய கணக்கையும் கர்த்தர் ஒரே நோட்டில் எழுதுவதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் இன்னொன்றையும் விசாரியுங்கள். உங்களோடு சேர்ந்தவர்களுக்குக் கிரேடு மாறி உங்களுக்கு மட்டும் மாறவில்லை என்றால், ஏன் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். ரிட்டயர்மென்ட்டுக்கு முன் சரியானால் கிராஜுவிட்டியிலும் அது தெரியும், ஏனென்றால் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். வாலிபர் கூட்டத்திலும் ஒரு நாள் பேசுங்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு முதல் வேலைக்குக் காத்திருக்கிற பையன்கள் இருக்கிறார்கள். டயல் கேஜை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து அவர்களுக்கு உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது.